கைவிட்டதும் விட்டுவைத்ததும்: போக்கிமான் கார்ட்ரிட்ஜில் தங்கிய எச்சங்களைப் படிக்கும் முறை

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் கையடக்கக் கருவிக்காகப் போக்கிமான் சிவப்பு, பச்சைப் பதிப்புகள் வெளிவந்தன. ஆடுபவர் பிடித்துச் சேர்க்க வேண்டிய உயிரினங்கள் 150. கார்ட்ரிட்ஜின் உள்ளேயோ 190 இடங்கள் கொண்ட வரிசை ஒன்று இருக்கிறது. அதில் 151 இடங்களில் உயிரினங்கள் உண்டு. எஞ்சிய 39 இடங்கள் காலி. ஆங்கிலப் பதிப்பில் அந்தக் காலி இடங்கள் அனைத்துக்கும் ‘மிஸ்ஸிங்நோ’ என்று ஒரே பெயர். இவை போக, கதையில் எங்குமே நம்மோடு மோதாத பேராசிரியர் ஓக்குக்கும் ஒரு போர் அணி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றைத் தோண்டி எடுத்த ரசிகர்கள், ஆட்டம் ‘உண்மையில்’ எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதைகள் சுவையானவை, ஆனால் சான்றைத் தாண்டிப் போகின்றன. இந்த எச்சங்கள் வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதைச் சொல்லும். படைப்பாளி மனத்தில் இருந்த மூல ஆட்டம் எது என்பதைச் சொல்லா.

முதலில், நீக்கியவற்றை ஏன் முழுதாக நீக்கவில்லை? ஜப்பானியக் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு வெறும் 512 கிலோபைட். இடம் அவ்வளவு நெருக்கடியாக இருந்தும் 39 இடங்களைக் காலியாக விட்டதற்குச் சோம்பல் காரணமன்று. ஒவ்வோர் உயிரினமும் நிரல் முழுவதும் எண்ணால்தான் அழைக்கப்படுகிறது. எந்தப் புல்வெளியில் எது வரும், எது எதுவாக வளரும், சேமித்த ஆட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் எல்லாமே அந்த எண்கள். 31ஆம் இடத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பின்னுள்ள அத்தனை எண்களும் நகரும். ஆகவே ஆளை எடுத்துவிட்டு இருக்கையை விட்டுவைத்தார்கள். துடைத்த வேலையும் அரைகுறைதான். இந்த ஆட்டத்தில் ஒரு குரலை உருவாக்க மூன்று எண்கள் போதும்: அடிப்படை ஒலி, சுருதி, நீளம். காலி இடங்களில் பலவற்றுக்கு இந்த மூன்றும் அழியாமல் இருக்கின்றன. பெயர் போயிற்று, உருவம் போயிற்று, குரல் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஏதோ ஓர் உயிரினம் இருந்தது என்பதற்கு அது சான்று. அது எப்படிப்பட்டது என்பதற்கு அன்று.

ஓக்கின் அணியும் இப்படித்தான். டாரோஸ், எக்ஸெக்யூட்டர், ஆர்க்கனைன் ஆகியவற்றோடு தொடக்க உயிரினம் ஒன்றின் முதிர்ந்த வடிவமும் கியாரடோஸும். நிலைகள் 66 முதல் 70 வரை. கடைசிப் போட்டியில் எதிராளியின் உச்ச நிலை 65 என்பதால், ஓக்கின் அணி சாம்பியன் போட்டிக்குப் பின்னர் வரத்தக்கதாக அளக்கப்பட்டது என்று நியாயமாகவே ஊகிக்கலாம். அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. அந்த மோதல் எப்போதாவது ஆடிப்பார்க்கப்பட்டதா, எதற்காகக் கைவிடப்பட்டது என்ற கேள்விகளுக்கு இந்த எண்களில் விடையில்லை.

இதைவிட நுணுக்கமானது 151ஆவது உயிரினமான மியூ. சோதனைக் கருவிகளை நீக்கியபின் சுமார் 300 பைட் இடம் கிடைத்தது, அதில்தான் மியூவைச் சேர்த்தேன் என்று கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் மோரிமோட்டோ ஷிகேகி பின்னாளில் கூறியிருக்கிறார். ஆனால் உள்வரிசையில் மியூவின் எண் 21. கடைசியில் வந்தவனுக்கு இவ்வளவு முன்னால் இடம் எப்படி? எண்ணை மட்டும் பார்த்தால் மோரிமோட்டோவின் கூற்றைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆங்கிலச் சிவப்பு, நீலப் பதிப்புகளின் நிரலைத் திறந்தால் சிக்கல் அவிழ்கிறது. மற்ற 150 உயிரினங்களின் அடிப்படைத் தரவு ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து இருக்க, மியூவினுடையது நினைவகத்தின் வேறொரு பகுதியில் தனியே கிடக்கிறது. ‘இந்த எண் மியூவா?’ என்று கேட்டு அங்கே போய் எடுத்துவர நிரலில் தனிக் கிளையே எழுதியிருக்கிறார்கள். அட்டவணை முடிந்தபின் வந்து சேர்ந்தவனுக்குத்தான் இப்படித் திண்ணையில் இடம் கிடைக்கும். மியூட்டூ என்ற உயிரினத்தை ஈன்றது மியூ என்று ஆட்டத்துக்குள் வரும் நாட்குறிப்பே சொல்வதால் பெயரும் எண்ணும் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கலாம். அல்லது காலியான ஓர் எண்ணில் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கலாம். எப்படியானாலும் உடல் வந்தது கடைசியில். வாய்மொழியும் நிரலும் ஒன்றையொன்று தாங்கும் இடம் இது.

படைப்பாளி ஒதுக்கியதைக் கிளறுவது முறையா என்று ஒரு மறுப்பு எழும். கிழித்தெறிந்த கைப்படி என்றால் அதில் நியாயம் உண்டு. இதுவோ விற்ற ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் இருக்கிறது. இரண்டாம் மறுப்பு வலுவானது: பயன்பட்டது, பயன்படாதது என்ற பிரிவே நிலையானதன்று. 1996இலேயே கோரோகோரோ இதழ் வழியாக 20 வாசகர்களுக்கு மியூ வழங்கப்பட்டதும், ஒளிந்திருந்தது ஆட்டத்தின் பகுதியாகிவிட்டது. உண்மைதான். அதனால்தான் எச்சத்தை மூலம் என்றோ குப்பை என்றோ முத்திரை குத்தாமல் அடுக்கு என்று கொள்ள வேண்டும். கம்பராமாயணத்தின் மிகைப்பாடல்களைப் போல இதைக் கருதுவாரும் உண்டு, அது பொருந்தாது. அங்கே பிறர் கை சேர்த்ததைப் பதிப்பாசிரியர் பிரித்தெடுக்கிறார். இங்கே கை ஒன்றே, காலம்தான் வேறு. கழுகுமலை வெட்டுவான் கோயில் இன்னும் நெருக்கமான இணை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியான அந்த ஒற்றைக்கல் கோயிலில் சிகரம் நிறைவாக இருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள் என்பதை அந்த முடியாத கல்லே காட்டுகிறது. பணி ஏன் நின்றது என்பதை அது காட்டுவதில்லை.

இந்த வாசிப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னர் வந்த மஞ்சள் பதிப்பில் மியூவின் தரவை மற்றவற்றோடு அதே அட்டவணையில் சேர்த்து ஒழுங்குபடுத்திவிட்டார்கள். அதை மட்டும் படித்தவருக்கு மியூ பின்னால் வந்த செய்தி தெரியவே வராது. ஆகவே பதிப்பின் பெயர், மொழி, ஆண்டு ஆகியவற்றைச் சுட்டாமல் ‘போக்கிமானில் இப்படி ஒளிந்திருக்கிறது’ என்று எழுதும் கட்டுரையை, ஏட்டின் பெயர் சொல்லாமல் பாடபேதம் காட்டும் பதிப்பைப் போலவே, ஆய்வாக ஏற்க முடியாது.