மரைக்காயர்: பெயருக்குள் ஒரு படகு

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. அதனால் கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் ‘மரைக்காயர்’ என்ற பெயரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். பாட்டன் என்ன வேலை பார்த்தார் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

சொல்லுக்கு இரண்டு வேர் காட்டுகிறார்கள். ‘மரக்கலராயர்’ தேய்ந்து மரைக்காயர் ஆனது என்பது ஒன்று. கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. எந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனையில் இருப்பது படகுதான். குதிரைவீரரைக் குறித்த சொல் ராவுத்தர் என்று நின்றதைப் போல, கடலோடியின் சொல் இப்படி நின்றது.

ஆனால் படகு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரை சீதக்காதிக்கு அது பெரும் வணிகம். சேதுபதி அரசவை வரை செல்வாக்கு. மலபாரின் குஞ்சாலி மரைக்காயர்களுக்கு அது போர்க்கலம். சாமூதிரியின் கடற்படைத் தளபதிகள் அவர்கள். நான்காம் குஞ்சாலியை 1600இல் கோவாவில் போர்ச்சுகீசியர் கொன்றார்கள்.

ராமேஸ்வரத்து ஜைனுலாப்தீன் மரைக்காயருக்கோ அது தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிப்போகும் ஒரே ஒரு படகு. தீர்த்தமாட வந்த இந்துக்களைக் கரைசேர்த்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பிழைப்பு. இதில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை, அது தொழில்!

அந்தத் தொழில்தான் மெல்லக் கரைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் நேரே தீவுக்குள் வந்துவிட்டது. பாம்பனைக் கடக்க அப்புறம் யார் படகுக்குக் காத்திருப்பார்கள்? ஜைனுலாப்தீனின் படகை ஒரு புயல் கொண்டுபோனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே போனது.

அவருடைய மகனை உலகத்துக்கே தெரியும்: ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். இவ்வளவு நீளமான பெயரில் மரைக்காயர் மட்டும் இல்லை. ‘கலாம்’ என்பதில் மரக்கலத்தைத் தேடுபவர்களும் உண்டு. அது பேச்சைக் குறிக்கும் அரபுச் சொல், நம்ம ‘கலம்’ வேறு.

இன்று மரைக்காயர் என்றால் ‘என்ன பிரிவு?’ என்றுதான் கேட்கிறோம். ‘என்ன வேலை?’ என்று கேட்டுப் பாருங்கள். யார் உள்ளூர், யார் வந்தவர் என்று பிரித்துப் பேசும் காலத்தில், இந்தக் கரையையும் அக்கரையையும் இணைத்தவர்களின் வரலாறு பதிலாக வரும்.