வின்சர் மெக்கே

வின்சர் மெக்கே அமெரிக்க நாளிதழ்க் கேலிச்சித்திரக் கலைஞர். அசைவூட்டத் திரைப்படத்தின் முன்னோடி. ‘லிட்டில் நெமோ இன் ஸ்லம்பர்லேண்ட்’ சித்திரத்தொடரும் ‘கெர்ட்டி தி டைனோசர்’ படமும் இவரது தலைசிறந்த படைப்புகள். பத்திரிகைப் பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து பழகிய கைதான் பின்னாளில் திரையிலும் உயிர்களை நடமாடவிட்டது.

பத்திரிகைப் பணி

மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த மெக்கே, 1891இல் சின்சினாட்டி நகருக்குச் சென்று, அங்கிருந்த காட்சிக்கூடம் ஒன்றுக்கு விளம்பரச் சுவரொட்டிகள் வரைந்தார். பின்னர் அந்நகர நாளிதழ்களில் ஓவியராகி, 1903இல் நியூயார்க் ஹெரால்டு குழுமத்தில் சேர்ந்தார். 1904இல் தொடங்கிய ‘ட்ரீம் ஆஃப் தி ரேர்பிட் ஃபீண்ட்’ தொடரில், படுக்கப்போகும் முன் பாலாடைக்கட்டிப் பண்டம் உண்டவர்களைக் கொடுங்கனவுகள் ஆட்டிப்படைத்தன. கடைசிக் கட்டத்தில் அவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

1905 அக்டோபர் 15இல் ‘லிட்டில் நெமோ’ வெளிவரத் தொடங்கியது. ஞாயிறுதோறும் முழுப்பக்க வண்ணத்தில் நெமோ என்ற சிறுவனின் கனவுலகம் விரிந்தது. 1908 ஜூலை 26ஆம் நாள் பக்கத்தில் நெமோவின் கட்டிலுக்குக் கால்கள் நீண்டு, அது வீட்டைவிட்டு வெளியேறி நகரத்தின் மாடிக் கட்டடங்களைத் தாண்டி நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கால்கள் வளரும் அளவைப் பார்த்தால், அசைவைப் படிப்படியாகப் பகுத்துணரும் திறமை அப்போதே அவரிடம் முழுமையாக இருந்தது தெரியும்.

திரைப்படங்கள்

முதல் படமான ‘லிட்டில் நெமோ’வுக்காக (1911) சுமார் 4,000 படங்களை மெல்லிய தாளில் வரைந்தார். அடுத்த ஆண்டு, உறங்கும் மனிதனைக் குத்தி இரத்தம் குடிக்கும் கொசுவின் கதையைப் படமாக்கினார்.

1914 பிப்ரவரியில் சிகாகோ அரங்கில் ‘கெர்ட்டி’ அறிமுகமானது. மெக்கே மேடையில் சாட்டையுடன் நின்று கட்டளையிட, திரையிலுள்ள டைனோசர் தலைவணங்கியது, முரண்டு பிடித்தது, அதட்டினால் அழுதது. அவர் கையிலிருந்து எறிந்த பழத்தைத் திரையில் அது கவ்விக்கொண்டது. முடிவில் அவர் திரைக்குப் பின்னால் மறைய, சித்திரமாக மாறிய மெக்கே அதன் முதுகில் ஏறிச் சென்றார்.

அப்போது பின்னணியைத் தனியே வரைந்து வைத்துக்கொள்ளும் முறையை மெக்கே கையாளவில்லை. உதவியாளர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் மலையையும் ஏரியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைந்தார். முக்கிய நிலைகளை முதலில் வரைந்துவிட்டு இடைப்பட்ட அசைவுகளைப் பின்னர் நிரப்பும் முறையை மெக்கே இப்படத்தில் கையாண்டார். கெர்ட்டி மூச்சுவிடும் காலத்தைக் கணிக்கத் தம் மூச்சையே நேரம் பார்த்து அளந்தார். உடல் எடையும் பிடிவாதமும் கொண்ட ஓர் உயிராக அது தோன்ற இத்தகைய கவனமே காரணம்.

1915இல் லூசிடேனியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கிச் சுமார் 1,200 பேர் மாண்ட துயரத்தை ‘தி சிங்கிங் ஆஃப் தி லூசிடேனியா’ (1918) படத்தில் சித்திரித்தார். இதற்குச் செல்லுலாய்டு தாள்களைப் பயன்படுத்தினார். கேளிக்கைக்கு உரியதாகக் கருதப்பட்ட கலையால் ஒரு பேரழிவின் வேதனையையும் சொல்லமுடியும் என்பதற்கு இப்படம் வலுவான சான்று.

பிற்காலம்

1911இல் மெக்கே வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் பத்திரிகைகளுக்கு மாறியிருந்தார். ஹெர்ஸ்ட் அவரது மேடை நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தி, தலையங்கங்களுக்கான கருத்துப்படங்களை வரையச் செய்தார். மற்றவர் கருத்துக்குப் படம் வரைவதிலேயே ஆண்டுகள் பல கழிந்தன. 1921க்குப் பிறகு அவர் புதிய படம் எதையும் வெளியிடவில்லை. அசைவூட்டக் கலைக்கு இது பேரிழப்பு. 1924 முதல் 1926 வரை ‘லிட்டில் நெமோ’வை மீண்டும் வரைந்தார். 1934 ஜூலை 26இல் நியூயார்க்கில் காலமானார்.

மதிப்பீடு

‘கெர்ட்டி’ 1991இலும், ‘லிட்டில் நெமோ’ 2009இலும், ‘லூசிடேனியா’ 2017இலும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றன. அசைவூட்டக் கலையில் வாழ்நாள் சாதனை புரிந்தோருக்கு ஆனி விருதுகளில் வழங்கப்படும் விருது இவர் பெயரைத் தாங்குகிறது. பெரிய படக்கூடங்களும் வேலைப் பிரிவினையும் தோன்றும் முன்பே, வரைந்த உருவத்துக்குக் குணமும் உணர்ச்சியும் தரலாம் எனச் செய்து காட்டியவர் என்பதால், இத்துறையின் வரலாற்றில் மெக்கேயின் இடம் தலையாயது.