படம் கேட்ட கேள்வி

திரையில் ஒரு படத்தைக் காட்டி, அதன் கீழ் நான்கு விடைகளை நிறுத்தி, சரியானதைத் தெரிந்தெடுக்குமாறு மாணாக்கரைக் கேட்கும் மொழிவகுப்பு வினாடி வினாவைக் கணினி யுகத்தின் புதுமையென்று கருதுவோர் பலர். ஆயினும் அதன் மூலங்கள் இரண்டும் பதினேழாம் நூற்றாண்டிலே ஏறக்குறைய ஒரே சமயத்தில் தோன்றியவை. 1658ஆம் ஆண்டு நூரெம்பர்க் நகரில், லத்தீனும் ஜெர்மனும் பயிலும் சிறுவர்க்காகப் பொருள்களின் படங்களை எண்ணிட்டு, எண்ணுக்கு எண் சொல்லையும் பொருத்திக் கொமெனியஸ் என்னும் கல்வியாளர் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு மறு ஆண்டே ஹாலந்தில் ஹைகன்ஸ் என்னும் விஞ்ஞானி கண்ணாடியில் தீட்டிய உருவத்தை விளக்கொளியால் சுவரிலே வீழ்த்தும் கருவியைச் செய்துவிட்டார். எனினும் படமும் விளக்கும் கூடி உபாத்தியாயருக்குத் துணையாக வந்தமர நெடுங்காலம் சென்றது.

நம் நாட்டில் இவ்விஷயத்தை ஆராய்வதற்குப் புனே நகரம் தகுந்த இடம். பேஷ்வா ஆட்சி வீழ்ந்த சில ஆண்டுகளிலேயே, 1821இல், விஷ்ராம்பாக் மாளிகையில் சமஸ்கிருத பாடசாலை திறந்த ஊர் அது. மராத்தி உரைநடைக்கு வலிமை தந்த விஷ்ணுசாஸ்திரி சிப்லுங்கர், 1878இல் தெய்வப் படங்களையும் சரித்திர புருஷர்களின் படங்களையும் அச்சிடும் சித்ரசாலா அச்சகத்தையும், 1880இல் திலகர் முதலிய நண்பர்களுடன் நியூ இங்கிலீஷ் ஸ்கூலையும் அங்கே ஸ்தாபித்தார். படம் இவ்வாறு புனேயில் அச்சேற, விளக்கு வேறோர் ஊரில் ஏற்றப்பட்டது: 1892இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாண் நகரில் மகாதேவ பட்வர்த்தன் என்பவர், கையால் வர்ணம் தீட்டிய கண்ணாடி வில்லைகளை ஹைகன்ஸ் கருவியின் வழிவந்த மாஜிக் லாந்தரில் இட்டு, கதையும் சங்கீதமும் சேர்த்து, புராணக் காட்சிகளை அசைவதுபோல் காட்டி மராட்டிய மக்களை வியப்பில் ஆழ்த்தினார். ‘ஷாம்பரிக் கரோலிகா’ என்று பெயர் பெற்ற அக்காட்சியில் பேசும் அதிகாரம் முழுவதும் கதை சொல்லுபவருக்கே உரியது. இருளில் அமர்ந்திருந்த ஜனங்கள் கேட்டார்கள், ரசித்தார்கள், கலைந்தார்கள்.

அந்த அதிகாரம் கற்பவனுக்கு மாறுவதே மொழிப் போதனையின் மெய்யான புரட்சி. அதற்கு வேண்டிய சாஸ்திரமும் புனேயில் வளர்ந்தது. 1821இன் பாடசாலை உருமாறி வளர்ந்து டெக்கான் கல்லூரியாகி, 1939இல் ஆராய்ச்சி நிலையமாக மறுபிறவி எடுத்தது. அதன் தலைவர் சுமித்ர மங்கேஷ் காத்ரே 1950களில் ராக்பெல்லர் நிதியுதவியுடன் மொழியியல் கோடைப் பள்ளிகளை நடத்தினார். தமிழ்நாட்டு ஆசிரியர்களும் பயின்ற அப்பள்ளிகளில், எழுத்துக்கு முன் பேச்சே மொழி என்ற கோட்பாடு வேரூன்றியது. பின்னர், 1969இல் மைசூரில் அமைந்த இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தின் மேற்கு மண்டல மையம் டெக்கான் கல்லூரி வளாகத்திலேயே இடம் பெற்று, பிற மாநில ஆசிரியர்களுக்குப் பத்து மாதத்தில் மராத்தி, குஜராத்தி, சிந்தி மொழிகளைக் கற்பிக்கும் பணியை ஏற்றது.

தமிழர் ஒருவர் மராத்தி கற்க அமர்ந்தால் படவினாவின் பிரயோஜனம் தெளிவாகும். நமக்கு நாற்காலியும் மரமும் மின்விசிறியும் ஒருங்கே அஃறிணை. மராத்தியிலோ விசிறி ஆண்பால், நாற்காலி பெண்பால், மரம் அலிப்பால். ‘ஹே காய் ஆஹே?’ (இது என்ன?) என்று ஆசிரியை கேட்க, திரையில் நாற்காலி தோன்றும். ‘ஹா’ என்று ஆண்பாலில் தொடங்கிய நாவை நிறுத்தித் திருத்தி, ‘ஹீ குர்ச்சி ஆஹே’ என்று முடிக்கவேண்டும். அடுத்து விசிறி வந்தால் ‘ஹா பங்கா’, மரம் வந்தால் ‘ஹே ஜாட்’. இடையில் தாய்மொழி புக அவகாசமில்லை. நூறு முறை சூத்திரத்தை ஒப்புவித்தாலும் வாராத பழக்கத்தை, வரிசை மாற்றிக் காட்டப்படும் இருபது படங்கள் தந்துவிடும்.

இதற்கிடையே படங்காட்டும் கருவியும் மாறியது. 1961இல் கோடாக் நிறுவனத்தின் வட்டத் தட்டுக் கருவி எண்பது வில்லைகளை ஒழுங்காக ஏந்திச் சுழன்றது. 1987இல் வெளிவந்த பவர்பாயிண்ட், காலப்போக்கில் வில்லைகள் இன்றியே அவ்வேலையைச் செய்தது. விடை தொட்டவுடன் சரியா தவறா என்று சொல்லும் வசதியும் பின்னர்க் கூடியது. ஆனால் அவ்வசதியோடு ஒரு நஷ்டமும் வந்தது: நான்கில் ஒன்றை விரலால் தொடுகிற மாணாக்கன் வாய் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆகையால் விடைகளைச் சிறிது நேரம் மறைத்துவைத்து, படத்தை மட்டும் காட்டி, முதலில் சொல்லச் செய்து, பிறகே தெரிந்தெடுக்கவிடும் ஆசிரியரே இக்கருவியின் சரித்திரத்தை உணர்ந்தவராவார். மற்றவர் பட்வர்த்தனின் காலத்து ஜனங்களைப்போலவே மாணாக்கரை மௌனமாக அமர்த்திவைப்பவர்.