கரையில் உறங்கிய இயந்திரங்கள்

வட இலங்கையின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் ஒப்பந்தங்களையும் தேர்தல்களையும் போர்க்களங்களையும் வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். கடற்றொழிலாளர் வீட்டு மூலையிற் சாக்கினாற் சுற்றப்பட்டுக் கிடந்த வெளியிணைப்பு இயந்திரம் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆயினும், பல்லாண்டு கிடந்த அத்தகைய இயந்திரமொன்றைக் கழற்றிப் பார்க்கும் கம்மியன் காணும் பழுதுகளுட் பாதியே உப்புக் காற்றின் செயல். மீதிப் பாதி சட்டங்களின் செயல்.

படகின் பின்புறத்திற் கொளுவி, வேண்டும்போது கழற்றித் தோளிற் சுமந்து செல்லத்தக்க இயந்திரம் என்னும் எண்ணம் பழையது. 1881 இல் பாரிஸ் நகரத்துக் குஸ்தாவ் துறூவே மின்விசையால் இயங்கும் ஒன்றைச் செயின் நதியில் ஓட்டிக் காட்டினார். ஆயின், அதனை உழைப்பாளியின் கைக்கருவியாக்கும் எளிமையை அளித்தவர் ஒலே எவின்றூட் எனலாம். 1877 இல் நோர்வேயிற் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் குடியேறிய கம்மியர் அவர். 1909 இல் அவர் விற்கத் தொடங்கிய இயந்திரத்தின் ஆற்றல் ஒன்றரைக் குதிரைவலு. நிறை 62 இறாத்தல். விரைவிலேயே அதனை நாடியோருள் ஏரிக்கரை உல்லாசப் பயணிகள் மட்டுமன்றி ஸ்கண்டிநேவிய மீனவரும் இருந்தனர்.

இலங்கையிற் கடற்றொழிலை இயந்திரமயமாக்கும் முயற்சி 1950களிற் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியோடும், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர் ஆலோசனையோடும் வேகம் பெற்றது. அத்தசாப்தத்தின் இறுதியில் மூன்றரைத் தொன் படகுகள் தவணைக் கடனில் வழங்கப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டார் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. யப்பானிய இயந்திரங்கள் வந்திறங்கின. 8, 15, 25 குதிரைவலு என்னும் எண்கள் கரையோர மக்களின் அன்றாடப் பேச்சிற் கலந்தன. பாயும் தாங்குகோலும் மெல்ல ஒதுங்கின.

இம்மாற்றத்தை முன்னேற்றம் என்று மட்டும் கூறி அமைதல் தகாது. கடன் கிடைத்தது பிணை காட்ட வல்லவனுக்கே. பிடிபட்ட மீனின் விலையில் எரிபொருட் செலவு கழிந்தபின், வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இயந்திரத்துக்கு ஒரு பங்கு எனப் பிரிந்து எஞ்சியதே கடலில் உயிரைப் பணயம் வைத்தவர் கைக்கு வந்தது. விகிதம் கரைக்குக் கரை மாறியதேனும், இரும்புக்கும் ஓர் ஆளுக்குரிய கூலி உண்டென்ற நியதி எங்கும் வேரூன்றியது. சிறுகச் சிறுகச் சேர்த்தும், நகையை அடகு வைத்தும் தாமே ஓர் இயந்திரத்துக்கு உரிமையாளரான தொழிலாளரும் பலர் இருந்தனர். அவர்களுக்கு அது வெறும் பொறியன்று; சம்மாட்டியின் வாசலில் நில்லாதிருக்கும் உரிமை.

1984 முதல் வடகடல் தடைகளுக்குள்ளாயிற்று. இயந்திரங்களின் குதிரைவலுவுக்கும் கடலுக்குச் செல்லும் நேரத்துக்கும் தூரத்துக்கும் எல்லைகள் விதிக்கப்பட்டன. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் மண்ணெண்ணெயும் உதிரிப்பாகங்களும் வடக்கே செல்லுதல் கடுமையாகத் தடுக்கப்பட்டது. அதே மாதத்தில் மயிலிட்டி மக்கள் தம் துறையைவிட்டு வெளியேறினர். நாட்டின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்று இராணுவ வலயத்துள் அடங்கியது. தூக்கிச் செல்ல முடிந்தவர் இயந்திரத்தை அகதி வாழ்வுக்கும் கொண்டு சென்றனர். குடும்பத்தின் முதலனைத்தும் ஒரு சாக்குள் உறங்கியது. இயந்திரத்தின் பங்கு நின்றது. அதன்மேற் பட்ட கடன் நிற்கவில்லை.

உறக்கத்தின் தன்மையைச் சிறிது நுணுகி நோக்குவோம். நம் கரைகளிற் பயின்ற இயந்திரங்கள் பல பெற்றோலிற் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுவன. கரை திரும்புகையில் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி நிறுத்துவதே முறை. அவ்வாறு செய்தால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்காது. பெற்றோல் துளித்துளியாக அளக்கப்பட்ட முற்றுகைக் காலத்தில் இவ்வொழுங்கு கைவிடப்பட்டிருத்தல் இயல்பே. யாழ்ப்பாணத்து வீதிகளில் மோட்டார் வண்டிகளே சில துளி பெற்றோலாற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. உள்ளே தங்கிய எண்ணெயின் இலேசான கூறுகள் ஆவியாகிப் போக, பிசினொத்த கசடு எஞ்சி, ஊசித்துளை போன்ற எரிபொருள் வழிகளை அடைத்தது.

இவ்வடைப்பு பார்வைக்குச் சிறிது, விளைவிற் பெரிது. ஈரடிப்பு இயந்திரத்துக்கு மசகெண்ணெய் தனியாகச் செல்வதில்லை. எரிபொருளிற் கலந்தே செல்கிறது. ஆகவே துளை பாதி அடைபட்டால் தீனி குறைவதோடு எண்ணெயும் குறைகிறது. கரையில் நன்றாகக் கிளம்பிய இயந்திரம், பாரம் ஏற்றி முழு வேகத்தில் ஓடும்போது வெம்மை மிகுந்து, ஆடுதண்டு உருளையோடு இறுகி, நடுக்கடலில் நின்றுவிடும். காற்றும் நீரோட்டமும் தள்ளிச் செல்லும் வள்ளம் எல்லை கடந்ததெனக் கொள்ளப்படும் கடலில், அத்தகைய பழுதின் விலை உயிராகவும் இருக்கக்கூடும்.

அனுபவம் முதிர்ந்த கம்மியன் ஆதலாற்றான் கயிற்றை உடனே இழுப்பதில்லை. முதலிற் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் வார்த்து, ஒரு நாள் ஊறவிட்டு, பறப்புச் சில்லைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பான். துருவினாற் பிடித்த வளையங்கள் வன்மையாக இழுத்தால் உடையும். பின்னர்ப் பிளக்கை இயந்திர உலோகத்தோடு தொடவைத்துக் கயிற்றை இழுத்துப் பொறியைப் பார்ப்பான். நீலமாகத் தெறித்தால் நன்று. மஞ்சளித்து மெலிந்தால் மக்னீற்றோவின் தொடுமுனைகளை மெல்லிய அரத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். காபரேற்றரை முற்றாகக் கழற்றிக் கழுவுவான். தண்ணீர் இறைக்கும் இறப்பர்ச் சில்லை மாற்றியே ஆகவேண்டும்; கிடந்த நிலையிலேயே அதன் இதழ்கள் வளைந்து விறைத்திருக்கும். அச்சில்லின் விலை அற்பமே. ஆயின் உதிரிப்பாகம் வராத ஆண்டுகளில் அவ்வற்பம் ஓர் இயந்திரத்தையே பயனற்றதாக்கவல்லது. பற்சில்லுப் பெட்டியின் எண்ணெய் பால்போல வெளுத்திருப்பின் கடல்நீர் உட்புகுந்ததென அறிக.

இவ்வறிவிற் பெரும்பகுதி எந்தப் பாடநூலிலும் தமிழில் எழுதப்பெறவில்லை. மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் ஆசிரிய நண்பர்கள், ஒரு விடுமுறை நாளிலேனும் அவர்களைக் கரைக்கு அழைத்துச் சென்று, முதிய கம்மியரின் சொற்களை எழுதிவைக்கச் செய்யலாம்.

2002 பெப்ரவரியில், நோர்வேயின் நடுமையுடன் செய்யப்பட்ட போர்நிறுத்தம் கடற்கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. (எவின்றூட், சீநோர், போர்நிறுத்தம் என இச்சிறு வரலாற்றில் அந்நாட்டின் பெயர் மூன்று முறை வந்துவிட்டது.) சாக்குகள் அவிழ்ந்தன. ஆயின் 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை மீண்டெழுந்த கரைகளை அழித்தது. பின்னர்ப் போர் மறுபடியும் மூண்டது. 2009 இற்குப் பின் தடைகள் படிப்படியாக நீங்கியபோதும், மயிலிட்டித் துறை 27 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டது. விட்டுச் சென்ற தலைமுறையிற் பலர் திரும்பவில்லை. திரும்பியோர், பாக்கு நீரிணையின் அடித்தளத்தை வழித்துச் செல்லும் இந்திய இழுவைப்படகுகளைக் கண்டனர். அவை வரும் இரவுகளில் வலை அறுபடுமென்றஞ்சிச் சிறுதொழிலாளர் கரையிலே தங்கினர். இயந்திரங்களுக்கு மீண்டும் ஓய்வு. இம்முறை தடைச்சட்டம் எதுவுமின்றியே.

2022 இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தத்தளித்தபோது மண்ணெண்ணெய் கரைகளை எட்டவில்லை. ஆகஸ்டில் அது கிடைக்கத் தொடங்கியபோது, 87 ரூபாவாக இருந்த லீற்றர் விலை ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. 1990களை அறிந்த முதியோர்க்கு இத்தகைய நாட்களில் இயந்திரத்தை எவ்வாறு கிடத்துவதென்பது தெரிந்ததே: எரிபொருட் குழாயை மூடி, காபரேற்றரில் உள்ளது எரிந்து தீரும்வரை ஓடவிட்டு, நன்னீராற் கழுவி, பிளக்கின் துளையிற் சிறிது எண்ணெய் வார்த்து, நிமிர்ந்த நிலையில் நிழலில் நிறுத்துதல்.