பின் ஆக்ஸில்ல ஒரு சொட்டு எண்ணெய்

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் போட்டோல ஆரம்பிச்சது. அமெரிக்காவுல வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன், வீட்டுக்குப் பின்னாடி புல் வெட்ட ஒரு பழைய தோட்ட டிராக்டர் வாங்கினான். கப் கேடட் ஒரிஜினல். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961ல கொண்டுவந்த மாடல், 7 குதிரைத்திறன் எஞ்சின். அதோட கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் 1947ல வந்த ஃபார்மால் கப் என்ற வயல் டிராக்டரோட வாரிசு. அதனாலயே 60 வருஷம் தாண்டியும் ஓடுது. ஆனா போட்டோல இருந்தது, வலது பின் சக்கரத்தோட உள்பக்கம் வழிஞ்சிருந்த எண்ணெய்.

"மச்சான், ஒரு சொட்டுதானே, விட்டுடலாமா?"

விட முடியாது. இந்த வண்டியில கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே வார்ப்பிரும்புப் பெட்டிக்குள்ள, ஒரே எண்ணெய்ல ஓடுது. எண்ணெய் குறைஞ்சா மொத்தமும் போச்சு. அந்தப் பெட்டியிலிருந்து ஆக்ஸில் வெளிய வர்ற ஓட்டையில, சுத்துற இரும்புக்கும் நிக்கிற இரும்புக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கிற ஒரு வளையம்தான் காவல். ஆயில் சீல். நம்ம ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். ஆனா இது உருவான கதை அவ்வளவு சின்னது இல்ல.

ஆரம்பத்துல இந்த வேலையைச் செஞ்சது தோல். பழைய சைக்கிள் பம்பைப் பிரிச்சுப் பார்த்திருந்தா உள்ள கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருந்திருக்கும். அதே தத்துவம்தான். ஜெர்மனியில வைன்ஹைம்னு ஒரு ஊர். அங்க 1849ல தொடங்கின ஃப்ராய்டன்பெர்க் ஒரு தோல் பதனிடும் கம்பெனி. 1929 பொருளாதார வீழ்ச்சியில தோல் வியாபாரம் படுத்ததும், கையில இருந்த தோலை வெச்சே கார்களுக்கு சீல் பண்ண ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்துல வால்தர் சிம்மர் என்ற ஆஸ்திரிய எஞ்சினியரோட வடிவமைப்பு வந்தது. உலோகக் கூட்டுக்குள்ள மெல்லிய உதடு ஒண்ணு ஷாஃப்டைத் தொட்டுக்கிட்டே இருக்கும். ஜெர்மனியில இன்னைக்கும் ஆயில் சீலுக்கு 'சிம்மர்ரிங்'னுதான் பேர்.

ஆனா தோல் சூட்டுல காய்ஞ்சு விறைச்சுப் போகும். சரி, ரப்பர் போடலாமேன்னா, மரத்துலருந்து வர்ற ரப்பர் எண்ணெய் பட்டா ஊறி உப்பிடும். எண்ணெயைத் தாங்குற நைட்ரைல் ரப்பருக்கு, ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில வேலை பார்த்த கொன்ராட், சுங்கூர் ரெண்டு பேரும் 1930ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாங்க. 1936 வாக்குல செயற்கை ரப்பர் சீல் வந்துடுச்சு. நம்ம டிராக்டர்ல இருக்கிறதும் அந்த வம்சம்தான்.

இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக எனக்கு மனசு வரல. 'புனா'னு அழைக்கப்பட்ட இந்தச் செயற்கை ரப்பர் குடும்பத்தை, வெளிநாட்டு ரப்பரை நம்பாம போர் நடத்த நாஜி அரசு தூக்கிப் பிடிச்சது. ஆஷ்விட்ஸ் பக்கத்துல மோனோவிட்ஸ்ல ஐ.ஜி. ஃபார்பன் கட்டின புனா தொழிற்சாலைக்காக முகாம் கைதிகளை அடிமைகளா உழைக்க வெச்சாங்க. ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. பிழைச்சவங்கள்ல ஒருத்தர், இத்தாலிய வேதியியலாளரும் எழுத்தாளருமான ப்ரீமோ லேவி. அந்தத் தொழிற்சாலையிலருந்து கடைசி வரைக்கும் ரப்பர் வரவே இல்ல.

சரி, ஷெட்டுக்குத் திரும்புவோம். நண்பன் எண்ணெயை வடிச்சு, பின்பக்க மூடியைக் கழட்டி, உள்ள ஆக்ஸிலைப் பிடிச்சிருந்த கிளிப்பை எடுத்து, ஆக்ஸிலை உருவி, புது சீல் அடிச்சான். ரெண்டு நாள்ல மறுபடி ஒழுகல். இன்னொரு சீல். மறுபடியும் ஒழுகல். நம்ம பாஷையில சொன்னா, லைப்ரரியை அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்கான், பக் வேற எங்கயோ இருக்கு.

வீடியோ கால்ல ஷாஃப்டை வெளிச்சத்துல திருப்பச் சொன்னேன். சீல் உதடு தொடுற இடத்துல சுத்திலும் ஒரு பள்ளம், நகத்துல தட்டுது. மெத்துனு இருக்கிற ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும்? ரப்பர் தேய்க்கல. அதுல சிக்கின மண்ணும் தூசியும் உப்புத்தாள் மாதிரி பல வருஷமா அறுத்திருக்கு. புது சீலோட உதடும் சரியா அதே பள்ளத்துல போய் உட்காருது, அப்புறம் எப்படி நிக்கும்?

வழி ரெண்டு. சீலைக் கொஞ்சம் தள்ளி அடிச்சு, உதடு தேயாத இடத்தைத் தொடுற மாதிரி பண்ணலாம். இல்லன்னா, பள்ளத்து மேல மெல்லிய ஸ்டீல் உறை ஒண்ணு ஏத்தலாம். அவன் உறை போட்டான். கூடவே காற்றுத் துளையில அடைச்சிருந்த அழுக்கையும் எடுத்தான். அது அடைச்சா, எண்ணெய் சூடாகும்போது உள்ள அழுத்தம் ஏறி சீல் வழியாத் தள்ளும்.

வலது பக்கம் ரெண்டு மாசமா காய்ஞ்சு கிடக்கு. நேத்து ராத்திரி இன்னொரு போட்டோ அனுப்பினான். இடது சக்கரம்.