தர்ராவின் துப்பாக்கிக் கொல்லர்கள்

கைத்தொழில்களைப் பற்றி இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் நிறுவும் கருத்துகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, கைத்தொழில் என்பது ஒரு 'மலகா'. அதாவது, திரும்பத் திரும்பச் செய்வதனால் மனிதனுள் ஊன்றிவிடும் ஆற்றல். அது கேட்டறிவதைவிடக் கண்டு செய்வதனாலேயே நிறைவடையும். மற்றொன்று, நகர நாகரிகம் முதிர்ந்து, அரசின் தேவையும் பெருகும் இடத்திலேயே கைத்தொழில் செழிக்கும். முதற் கருத்துக்குச் சான்றாகவும் இரண்டாவதற்கு விலக்காகவும் நிற்கும் ஓர் ஊர் உண்டு. அதுவே தர்ரா ஆதம் கேல்.

இன்றைய பாகிஸ்தானில், பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடைப்பட்ட மலைவழியில் இவ்வூர் அமைந்துள்ளது. 'தர்ரா' என்றால் கணவாய். 'ஆதம் கேல்' என்பது அஃப்ரீதி பக்தூன்களின் ஒரு கிளை. 1849இல் பஞ்சாபைத் தம் ஆட்சியுடன் இணைத்துக்கொண்ட ஆங்கிலேயருக்கு இக்கணவாய் இன்றியமையாததாயிற்று. வழியைத் திறந்து வைப்பதற்காக அஃப்ரீதிகளுக்கு உதவித்தொகை வழங்கினர். பூசல் எழுந்தபோது படையும் அனுப்பினர். 1897ஆம் ஆண்டின் எல்லைப்புறக் கிளர்ச்சியில் அஃப்ரீதிகள் கைபர் காவல் நிலைகளைக் கைப்பற்றினர். அதனைத் தொடர்ந்து நடந்த தீராஹ் போர், தொலைதூரம் சுடும் புதுவகைத் துப்பாக்கியின் மதிப்பை இரு தரப்பாருக்கும் உணர்த்திற்று.

அத்தகைய துப்பாக்கிகள் அஃப்ரீதிகளுக்கு இரு வழிகளில் கிடைத்தன. ஒன்று, ஆங்கிலேயப் படைமுகாம்களில் நிகழ்ந்த களவு. மற்றொன்று, மஸ்கத் வழியாக நடைபெற்ற கடல் வாணிபம். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயக் கடற்படை வளைகுடாவில் மேற்கொண்ட முற்றுகையால் அவ்வாணிபம் நலிந்தது. வெளியிலிருந்து வருவது குறையவே, ஊர்ப் பட்டறையின் தேவை பெருகிற்று. இப்னு கல்தூன் கூறிய அரசின் தேவை இங்கே இல்லை. அரசுக்கு அடங்காதிருத்தலே இங்குத் தேவையாயிற்று.

இத்தொழிலைக் கற்பிக்கப் பள்ளியோ பாடநூலோ வரைபடமோ இருக்கவில்லை. கைக்கு வந்த ஓர் ஆங்கிலத் துப்பாக்கியே பாடநூல். வீட்டையடுத்த பட்டறையே பாடசாலை. தந்தையோ, தந்தையின் உடன்பிறந்தாரோ உஸ்தாத். அரமும் சுத்தியலும் கைத்துளைக் கருவியும் கொண்டு சிறுவன் எளிய வேலையில் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல நுண்ணிய வேலைக்கு உயர்வான். ஒரு குடும்பம் குழலில் தேர்ந்திருக்கும். மற்றொன்று மரப்பிடியில் தேர்ந்திருக்கும். பல கைகளின் உழைப்பு ஓரிடத்தில் ஒன்று சேர்ந்து முழுத் துப்பாக்கியாகும். கண்டு செய்தலால் ஊன்றும் 'மலகா'வுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

ஆயினும் அவர்கள் இரும்பை மட்டுமன்றி, அதில் பொறிக்கப்பட்ட முத்திரையையும் படியெடுத்தனர். ஆங்கில எழுத்தறியாத கொல்லருக்கு அது எழுத்தன்று, வெறும் வடிவம். ஆகவே சில துப்பாக்கிகளில் எழுத்துகள் இடவலமாக மாறிக் கிடக்கின்றன. சிலவற்றில் விக்டோரியா அரசியின் முத்திரையும், அவர் மறைந்த 1901க்குப் பிந்திய ஆண்டும் அருகருகே காணப்படுகின்றன. தாம் சந்தித்திருக்கவே இயலாத ஆசிரியரிடம் கேட்டதாகக் கூறும் அறிவிப்பாளரை, இறப்பாண்டைக் கொண்டே ஹதீஸ் கலை வல்லுநர் இனங்கண்டனர். அதே முறை இவ்விரும்புச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது!

படியெடுத்தலின் எல்லை இன்னும் ஆழமானது. தோற்றத்தைக் கண்ணால் அளந்துவிடலாம். எஃகின் உள்வலிமையை அவ்வாறு அளக்க இயலாது. தரங்குறைந்த உலோகத்தால் ஆன குழல்கள், ஆற்றல் மிக்க தோட்டாவைத் தாங்காமல் வெடித்து, சுட்டவரையே ஊறுபடுத்தியதுண்டு. செய்முறையைப் பின்பற்றுதல் வேறு, காரணத்தை அறிதல் வேறு. தக்லீதுக்கும் தஹ்கீக்குக்கும் இடையிலுள்ள தொலைவே இது.

1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்தபின், கலாஷ்னிகோவின் படிகள் இப்பட்டறைகளில் பெருகின. காவலுக்கெனத் தொடங்கிய தொழில் எவர் கைக்கும் ஆயுதம் தரும் சந்தையாயிற்று. வன்முறை ஊருக்குள்ளேயே வந்தது. 2008 மார்ச்சில் பழங்குடிப் பெரியோரின் ஜிர்கா மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. 2010 நவம்பரில் ஜும்ஆவுக்குத் திரண்டிருந்தோரிடையே நிகழ்ந்த குண்டுவெடிப்பில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வுயிர்களைக் குடித்தது ஊரின் துப்பாக்கியன்று, வெடிகுண்டு. எனினும், வீட்டுக்கு வீடு ஆயுதம் இருப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை அன்று பொய்த்துப் போயிற்று.

பக்தூன்கள் பிறவியிலேயே துப்பாக்கிக்கு உரியவர்கள் என்று இதைக்கொண்டு முடிவு கட்டுவது அநீதி. 1929இல் கான் அப்துல் கஃப்பார் கான் தோற்றுவித்த குதாயி கித்மத்கார் இயக்கத்தில் ஆயுதமின்றி அணிதிரண்டோரும் அம்மக்களே. பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்துடன் இணைக்கப்பட்ட 2018இல், தர்ராவின் துப்பாக்கிக் கடையொன்றின் மேல்மாடியில் ஒரு நூலகமும் தொடங்கப்பட்டது.

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், அவர்களுக்குக் கவசம் செய்யக் கற்பிக்கப்பட்டதையும் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. அங்கே இரும்பின் கலை மனிதரைக் காக்கும் அருளாகச் சொல்லப்படுகிறது. அதற்கு நன்றியும் கோரப்படுகிறது. தர்ராவின் கொல்லர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. அத்திறனை வேறு பயனுக்குத் திருப்பும் கல்வியும் தொழிலும்தான் அவர்களுக்கு ஒரு நூற்றாண்டாக மறுக்கப்பட்டிருந்தன.