ஆன்ட்வானுக்கு இறங்கத் துறைமுகமில்லை

நகைச்சுவைச் சோடியான லாரலும் ஹார்டியும் சேர்ந்து நடித்த கடைசிப் படம் ‘அட்டோல் கே’. 1951இல் வெளிவந்தது. அவர்களுடைய ரசிகர்கள் அந்தப் பெயரை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் மலையகத்தாருக்கென்றே எடுத்த மாதிரி ஒரு வெள்ளைக்காரப் படம் உண்டென்றால் அது இதுதான் என்பது என் கட்சி.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் கூட்டாகத் தயாரித்த படம். சில வாரங்களில் முடிக்க நினைத்த படப்பிடிப்பு 1950 ஆகஸ்டில் தொடங்கி 1951 ஏப்ரல்வரை இழுத்தது. லாரலுக்கு வயது அறுபது. வயிற்றுக்கடுப்பும் அறுவைச் சிகிச்சையுமாக ஆள் பாதியாகி, எடை 52 கிலோவுக்கு இறங்கிவிட்டது. திரையில் அவர் கன்னத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஹார்டிக்கோ உடம்பு ஏறிக்கொண்டே போனது, இதயமும் சரியில்லை. நடிகர்கள் அவரவர் மொழியில் பேசினார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. பிறகு எல்லாவற்றுக்கும் குரல் சேர்த்து ஒட்டினார்கள். ஒட்டு தெரியத்தான் செய்கிறது.

கதை இதுதான். லாரலுக்குப் பசிபிக் கடலில் ஒரு தீவும் ஒரு படகும் பரம்பரைச் சொத்தாகக் கிடைக்கின்றன. காசு வரியிலும் கட்டணத்திலும் கரைந்துபோகிறது. இருவரும் படகேறும்போது கூடவே ஒருவன் வருகிறான். ஆன்ட்வான் என்று பெயர். அவனாக நடித்தவர் மாக்ஸ் எல்லுவா என்ற பிரெஞ்சு நடிகர். அவனுக்கு நாடு கிடையாது. எந்த நாட்டு அதிகாரியும் அவனைக் கப்பலைவிட்டு இறங்க விடுவதில்லை. எந்தக் கப்பலும் அவனை வைத்துக்கொள்ள விரும்புவதுமில்லை. புயலில் படகு ஒரு புதுத் தீவில் தட்டி நிற்க, அங்கே வரியில்லாத, சட்டமில்லாத ஒரு குடியரசை அமைக்கிறார்கள். ஹார்டி ஜனாதிபதி. லாரல்தான் ‘பொதுமக்கள்’. யுரேனியம் இருப்பது தெரிந்ததும் ஊரெல்லாம் வந்து இறங்குகிறது. வந்தவர்கள் நிறுவியவர்களையே தூக்கில் போடப் பார்க்கிறார்கள்.

பேரனின் கைப்பேசியில் பார்த்தபோது ஆன்ட்வான் வரும் இடங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேரனுக்கு ஏனென்று விளங்கவில்லை. அவனுக்கு விளங்க வேண்டுமானால் தேதிகளைச் சொல்ல வேண்டும்.

1947 தேர்தலில் எங்கள் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு என்று. அடுத்த வருடம் வந்தது 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவனிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு ஆசனமும் இல்லை.

அதே 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் என்று ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். விண்ணப்பிக்க இரண்டு வருடம், கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. காங்கிரஸ் முதலில் பகிஷ்கரிப்பு என்று சொல்லிக் காலத்தை விட்டது. பிறகு மனத்தை மாற்றிக்கொண்டதும் தோட்டம் தோட்டமாக ஒரே எழுத்து வேலை. ஆன்ட்வானைப் பிரான்சில் படம் பிடித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், ஆன்ட்வானாகிவிடாமல் இருக்க இங்கே சனம் பெருவிரலில் மை தடவிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், அவற்றில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்.

கலியாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். மற்றவருக்குப் பத்து வருடம். ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியை இழந்திருந்த எங்கள் பெரிய தாத்தாவுக்குப் பத்து வருடக் கணக்கு. அவர் 1937இல் தாயார் படுத்த படுக்கை என்று துறையூர்ப் பக்கம் போனவர். கிழவி லேசில் சாகவில்லை. பதினாலு மாதம் கழித்துத்தான் திரும்பினார். கணக்கப்பிள்ளை வேலைப் பதிவான செக்ரோலைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். விசாரித்தவர் இங்கிலீசில் கேட்க, மொழிபெயர்த்தவர் தமிழில் கேட்க, தாத்தா பதில் சொல்ல, அது திரும்ப இங்கிலீசாகிப் போனது. விண்ணப்பம் தள்ளுபடி. தாய் சாகத் தாமதித்ததால் நாடு போனவர் என்று வீட்டில் பகிடியாகவே சொல்வோம். அவரும் சிரிப்பார்.

எல்லாமாகச் சேர்த்துப் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மிச்சப் பேரை இந்தியாவும் தன் பிரஜை என்று ஏற்கவில்லை.

இடையில் ஹார்டி 1957 ஆகஸ்ட் 7இல் இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் போனார். அவரும் அவர் சோடி மதுரமும் சேர்ந்து நடித்த ‘அம்பிகாபதி’ அவர் கண்மூடிய பிறகே திரைக்கு வந்தது. ஹார்டி போனபின் லாரல் மேடையேறவே மறுத்துவிட்டார். சோடி போனால் நடிப்பும் போச்சு என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரத்தை இந்தியா எடுக்கும், 3 இலட்சத்தை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு பார்த்தது 1974இல். தேங்காயை உடைப்பது போல ஆளுக்கு 75 ஆயிரம். ‘அட்டோல் கே’ எழுதியவர்களுக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது.

பெரிய தாத்தா இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பலேறினார். அவர் மகள், என் அத்தை, போகவில்லை. 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. கடவுச்சீட்டு எடுத்தும் போகாதவர்கள், ஒன்றுமே எடுக்காதவர்கள் என்று ஆயிரக்கணக்கில் லயங்களில் இருந்தார்கள். 1988இல் அவர்களுக்காக ஒரு சட்டம், பிறகு 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவருக்கும் அவர் வழிவந்தவருக்கும் பிரஜாவுரிமை என்றது அது. படம் வெளிவந்து அப்போது 52 வருடம்.

அந்தப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க அத்தையைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பிள்ளை, மரியாதையான பையன். படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே வாசித்தான்.

“அம்மா, நீங்க இலங்கைக்கு வந்தது எந்த வருஷம்?”

“நான் எங்கேயிருந்தும் வரலீங்க தம்பி. இந்த டிக்கோயாவுலதான் பொறந்தேன்.”

“சரிம்மா, வந்த வருஷம்?”

அத்தை என்னைப் பார்த்தார். நான் அவர் பிறந்த வருடத்தைச் சொன்னேன். பையன் எழுதிக்கொண்டான்.